ஆம் எனில் 'ஆம்' என்று சொல்லவும்

குரல் போய்விட்டதைக்
குரலால்தான் சொல்ல வேண்டுமாம்.
"ஆம் எனில் 'ஆம்' என்று சொல்லவும்."
சொல்கிறேன்.
"மன்னிக்கவும். உங்கள் பதில் விளங்கவில்லை."
அந்த எந்திரப் பெண்ணுக்கு
இருமல் இல்லை, எச்சில் விழுங்குவதில்லை.
பொறாமையாக இருக்கிறது.

பத்தொன்பது வருடம்
டுலூத் நகரத்து ஏழாம் வகுப்புகளுக்கு
ஆறுகள் எங்கே பிறக்கின்றன என்று
தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள், ஐலா கொர்பி.
அப்போதெல்லாம் அது பேச்சுக்குச் சொல்வது.
ஒரு பிப்ரவரி செவ்வாய், மூன்றாம் பீரியட்,
'மிஸிஸிப்பி' என்ற சொல்லின் நடுவில்
குரல் மளுக்கென்று முறிந்தது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

சிரிப்புக்கு மட்டும் இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.
பேச்சு இறுகும், சிரிப்பு தப்பிக்கும்,
இந்த நோயின் அடையாளமே அதுதான் என்று
டாக்டர் குறித்துக்கொண்டார்.
காப்பீட்டுக் கம்பெனியும் குறித்துக்கொண்டது.
வேறு கணக்குக்காக.

மூன்று மாதத்துக்கொரு முறை கழுத்தில் ஊசி.
இரண்டு வாரம் கிசுகிசுப்பு,
ஆறு வாரம் யாருடையதோ ஒரு குரல்,
பிறகு மறுபடி பூட்டு.

படிவம் கேட்டது:
எத்தனை பவுண்டு தூக்குவீர்கள்?
ஐம்பது.
எத்தனை மணி நேரம் நிற்பீர்கள்?
நாள் முழுக்க.
குனிவீர்களா, படி ஏறுவீர்களா, பேனா பிடிப்பீர்களா?
எல்லாம், எல்லாம்.
கடைசி பெஞ்சில் மேசைக்கடியில் போனை நோண்டுகிறவனை
பெயர் சொல்லி நிமிர வைக்க முடியுமா என்று
கேட்க அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.
ஓரத்தில் எழுதியவை ஸ்கேனில் விழாதாம்.

முதல் இருபத்து நான்கு மாதம் பாலிசியில்
'உங்கள் வேலை' என்று இருந்தது.
இருபத்தைந்தாம் மாதம் 'எந்த வேலையும்' ஆனது.
'உங்கள்' இறங்கிக்கொண்டது, 'எந்த' ஏறிக்கொண்டது,
வண்டி அதே வண்டி.
எனக்கு அவர்கள் பார்த்துவைத்த வேலை:
கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிக் கூண்டு.
சீட்டு நீட்டினால் போதும்,
பேச வேண்டியதில்லை.

கூடவே ஒரு வீடியோ.
க்ளோகே பனி அரங்கம், பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.
தங்கை மகள் பிரிட்டா கோல் காக்கிறாள்,
நான் எழுந்து நிற்கிறேன்,
வாய் திறந்திருக்கிறது.
"உரிமை கோருபவர் பலமுறை
உரக்கக் கூவுவது காணப்படுகிறது."
காணப்படுகிறது.
அது ஊமைப்படம் ஐயா.
அன்று என் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஆவி.
குளிரில் எல்லார் வாயிலிருந்தும் வருவது.

அந்த வாரம் முழுக்க எதிர்ச் சாரியில்
ஒரு சாம்பல் நிறக் கார்.
உள்ளே ஒருவன், ஹீட்டர் வேலை செய்யவில்லைபோல,
கையை ஊதி ஊதி உட்கார்ந்திருந்தான்.
பாவம் என்று காபி கொண்டுபோகப் பார்த்தேன்.
கொடுத்திருந்தால்
என் 'நன்றாக இருங்கள்' எப்படி ஒலிக்கும் என்று
அவனுக்காவது தெரிந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கு நூற்றெண்பது நாள்.
யூனியன் வக்கீல் ஹார்லன் வாய்ட் சொன்னார்:
முழுக் கோப்பையும் கேட்டு வாங்கு,
எதையும் தேதி போட்டு எழுதிவை,
போனில் மட்டும் சிரித்துவிடாதே.

இன்று நூற்றெழுபத்தொன்றாம் நாள்.
ஏரியில் பனி உடைந்து
பருவத்தின் முதல் கப்பல் இரும்புத்தாது ஏற்ற வருகிறது.
போன் மேசைமேல், ஸ்பீக்கரில், ஜன்னலோரம்.
"ஆம் எனில் 'ஆம்' என்று சொல்லவும்."
சொல்கிறேன். விளங்கவில்லை.
சொல்கிறேன். விளங்கவில்லை.
கப்பல் ஊதுகிறது,
ஒரு நீளம், ஒரு குட்டை, மறுபடி நீளம், குட்டை.
தூக்குப்பாலம் அதே கணக்கில் பதில் ஊதுகிறது,
எழும்புகிறது.
எத்தனை டன் என்று கேட்கவில்லை.

"நன்றி. 'ஆம்' என்றீர்கள்.
அதிகாரியுடன் இணைக்கிறோம்.
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது."

கையால் வாயைப் பொத்துவதற்குள்
சிரித்துவிட்டேன்,
தெளிவாக, முறியாமல்,
கடைசி வரிசைவரை கேட்கும்படி.